தட்டைச் சாய்த்துப் பார்த்தால்

இசைத்தட்டை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால் பாட்டைக் கண்ணாலேயே படித்துவிடலாம். சத்தம் குறைந்த இடம் வழவழவென்று கருத்திருக்கும். தாளமும் குரலும் சேர்ந்து முழங்கும் இடம் சாம்பல் பூத்தாற்போல் மினுங்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் காட்டித்தந்தவர் ஒரு மூத்த ரிக்கார்டிஸ்ட். "ஊசிய எங்க வைக்கணும்னு தட்டே சொல்லும், தம்பி" என்பார். அன்று அவர் கையில் இருந்தது காமஃப்ளாஜ் குழுவின் ‘தி கிரேட் கமாண்ட்மெண்ட்’. 12 அங்குலத் தட்டு.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு வடக்கே பீட்டிக்ஹைம்-பிஸிங்கன் என்றொரு சிற்றூர். அங்கிருந்து மார்க்குஸ் மைன், ஹைக்கோ மைலே, ஒலிவர் கிரைசிக் மூவரும் 1987இல் வெளியிட்ட முதல் பாட்டு இது. குழுவின் பெயரே ஜப்பானின் யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா பாடலொன்றின் தலைப்பு. இரும்பைத் தட்டுவது போன்ற தாளம், அடியில் விடாமல் ஓடும் சின்தசைஸர், மேலே மைனின் கனத்த, சிரிக்காத குரல். டெபெஷ் மோட் குழுவைக் காப்பியடித்தார்கள் என்பார்கள். சாயல் உண்டு, மறுக்க மாட்டேன்.

ஜெர்மனியில் 14ஆம் இடம். அமெரிக்கப் பொதுப்பட்டியலில் 59ஐத் தாண்டவில்லை. ஆனால் அங்கேயே பில்போர்ட் இதழின் நடன கிளப் பட்டியலில் 1989இல் முதலிடம்! அந்தப் பட்டியல் விற்பனையை வைத்துப் போட்டதல்ல. கிளப்பில் எது ஓடுகிறது என்று டிஜேக்கள் சொன்ன கணக்கு. டிஜேயின் கவலை ஒன்றுதான்: ஓடுகிற பாட்டின் வாலை அடுத்ததன் தலையோடு ஆட்டம் நிற்காமல் முடிச்சுப் போட வேண்டும். எடுத்த எடுப்பில் குரல் வந்தால் இரண்டு பாட்டும் மோதிக்கொள்ளும். அதனால் ரீமிக்ஸ் செய்பவர் நாடாவில் தனித்தனி டிராக்காக இருக்கும் குரலை மூடி, வெறும் தாளத்தை முன்னும் பின்னும் நீட்டுவார். பெரிய தட்டில் ஒரு பக்கத்துக்கு ஓரிரு பாட்டுதான். பள்ளங்களை அகலமாக வெட்டலாம், பேஸ் நெஞ்சில் இடிக்கும். நான் சொன்ன அந்தக் கருத்த வளையம் பெரும்பாலும் இந்த முடிச்சுக்கான இடம்தான்.

2001இல் அதே பாட்டு ‘2.0’ என்ற பெயரில் மறுபடி வந்தது. எனக்குப் பழசுதான் பிடிக்கும். புதியதில் தாளம் கொழுத்துவிட்டது; பழசில் அடிக்கும் அடிக்கும் நடுவே காற்று இருந்தது.

புதியது சிடியாகத்தான் எனக்குக் கிடைத்தது. பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழக்கதோஷம், வாங்கியதும் டியூப்லைட்டில் சாய்த்துப் பார்த்தார். வானவில்தான் தெரிந்தது.