கேன்சர் மருந்தில் பிளாட்டினமா? 1978-ல் வந்த மருந்தை இன்னும் ஏன் மாற்ற முடியவில்லை?

"பிளாட்டினம் மருந்து ஏத்தணும்" என்று டாக்டர் சொன்னால், போத்தனூரோ பொள்ளாச்சியோ, எந்த வீட்டிலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "அதுக்கு எவ்வளவு ஆகுமுங்க?"

நகைக்கடை கண்ணாடிப் பெட்டியில் பார்த்த உலோகம் கீமோதெரபி சீட்டில் வந்தால் பயம் வருவது இயல்பு. ஆனால் இந்த மருந்தில் கவலைப்பட வேண்டியது விலையைப் பற்றி அல்ல, பக்கவிளைவைப் பற்றி. அதைக் குறைக்கும் வழியைத்தான் உலகம் முழுக்க வேதியியலாளர்கள் தேடுகிறார்கள். அவர்களில் சிலர் கோவையிலேயே இருக்கிறார்கள்.

விலை எவ்வளவு பெரிய பிரச்சினை?

பிளாட்டினம் மருந்துகளில் மூத்தது சிஸ்பிளாட்டின். இதன் எடையில் சுமார் 65% பிளாட்டினம். 50 மில்லிகிராம் குப்பி என்றால், உள்ளே இருக்கும் உலோகம் 32 மில்லிகிராம் அளவுதான். 5 கிராம் பிளாட்டினம் மோதிரத்தில் உள்ள உலோகத்தைக் கொண்டு இப்படி 140-க்கும் மேற்பட்ட குப்பிகளுக்கு மருந்து செய்துவிடலாம்.

காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் உச்ச விலையை அரசு நிர்ணயிக்கிறது. தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் கேன்சர் சிகிச்சை உண்டு.

இதை யார் கண்டுபிடித்தது?

சொல்லப்போனால், யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. போத்தனூர், குறிச்சி பக்கம் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு பிளேட்டிங் தொட்டி புதிதல்ல: திரவத்தில் இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் கரன்ட். அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் செய்ததும் கிட்டத்தட்ட அதேதான். மின்புலம் செல் பிரிவதைப் பாதிக்குமா என்று பார்க்க, இ.கோலை பாக்டீரியா வளரும் திரவத்தில் பிளாட்டினம் மின்முனைகளை வைத்து கரன்ட் பாய்ச்சினார்.

பாக்டீரியா சாகவில்லை. ஆனால் இரண்டாகப் பிரிவதை நிறுத்திவிட்டு, நூல் மாதிரி நீள ஆரம்பித்தது, இயல்பைவிட 300 மடங்கு வரை. காரணம் கரன்ட் அல்ல, மின்முனையிலிருந்து துளித்துளியாகக் கரைந்த பிளாட்டினம். இது 1965-ல் வெளியானது. பிரிவதை நிறுத்துகிறது என்றால், நிற்காமல் பிரிந்துகொண்டே இருக்கும் கேன்சர் செல்லையும் நிறுத்துமா? எலிகளில் சோதித்தார்கள், கட்டிகள் சுருங்கின. 1978-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை: இத்தாலிய வேதியியலாளர் மிகேலே பெய்ரோனே 1844-லேயே இந்தச் சேர்மத்தைத் தயாரித்துவிட்டார். நூறு வருஷத்துக்கும் மேல் அது மருந்து என்று யாருக்கும் தெரியவில்லை.

விளைவு? உடலில் பரவிவிட்ட விந்தகப் புற்றுநோயில் முன்பு பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. இன்று சுமார் 8 பேர் குணமாகிறார்கள்.

உடலுக்குள் என்ன செய்கிறது?

நடுவில் ஒரு பிளாட்டினம் அணு. அதோடு இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரைடு. ரத்தத்தில் குளோரைடு அதிகம் என்பதால் மருந்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். செல்லுக்குள் குளோரைடு குறைவு. உள்ளே போனதும் மருந்தின் குளோரைடு கழன்று, அந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்காரும். இப்போது பிளாட்டினத்துக்கு இரண்டு கை காலி. அந்தக் கைகளால் டிஎன்ஏவைப் பிடித்து வளைத்துவிடும். வளைந்த டிஎன்ஏவைச் சரிசெய்ய முடியாத செல், தானே செத்துப்போகும்.

குளோரைடுகள் இரண்டும் ஒரே பக்கம் இருந்தால்தான் இது நடக்கும். அதே அணுக்கள் எதிரெதிர்ப் பக்கம் அமைந்தால் அதன் பெயர் டிரான்ஸ்பிளாட்டின். அது மருந்தாகப் பயன்படாது.

அப்புறம் என்ன பிரச்சினை?

மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. கிட்னி, காது நரம்பு, கை கால் நரம்பு எல்லாவற்றையும் தொடும். அதனால்தான் சிஸ்பிளாட்டின் ஏற்றும் நாளில் பாட்டில் பாட்டிலாக சலைனும் ஏற்றுகிறார்கள்.

1989-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கார்போபிளாட்டின் கிட்னியை அவ்வளவாகத் தொடாது, ஆனால் ரத்த அணுக்களைக் குறைக்கும். ஜப்பானில் உருவாகி 2002-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆக்ஸாலிபிளாட்டின் பெருங்குடல் கேன்சருக்குக் கைகொடுத்தது, ஆனால் ஐஸ் தண்ணியைத் தொட்டாலே விரல் சுருக்கென்று குத்தும். ஒரு இடத்தில் வலியைக் குறைத்தால் இன்னொரு இடத்தில் முளைக்கிறது.

உலகம் முழுக்கப் புழங்குவது இந்த மூன்றுதான். ஆய்வகங்களில் செய்து பார்த்தது ஆயிரக்கணக்கில். மாத்திரையாகவே விழுங்கலாம் என்று நம்பிக்கை தந்த சாட்ராபிளாட்டின்கூட, நோயாளிகளின் ஆயுளை நீட்டவில்லை என்று தெரிந்ததும் நின்றுபோனது.

கோவையில் என்ன நடக்கிறது?

மருதமலை அடிவாரத்தில் உள்ள பாரதியார் பல்கலைக்கழக வேதியியல் துறை, பிளாட்டினத்தின் இடத்தில் வேறு உலோகங்களை வைத்துப் பார்க்கும் ஆய்வுகளுக்குப் பெயர் பெற்றது: பல்லேடியம், ருத்தேனியம், தாமிரம், நிக்கல்.

இதில் பல்லேடியம் பிளாட்டினத்துக்குத் தம்பி மாதிரி. வடிவம் ஒன்று, குணம் வேறு. தன்னோடு ஒட்டியிருப்பதை பிளாட்டினத்தைவிடச் சுமார் ஒரு லட்சம் மடங்கு வேகமாகக் கழற்றிவிடும். அதாவது, கேன்சர் செல்லுக்குப் போய்ச் சேருவதற்குள் வழியிலேயே மருந்து பிரிந்துபோகும். இதற்கு ஒரு வழி, உலோகத்தைப் பல முனைகளில் கவ்விப் பிடிக்கும் மூலக்கூறைக் கோத்துவிடுவது. கே.நடராஜன், ஆர்.பிரபாகரன் உள்ளிட்டோர் 2012-ல் 'மெட்டல்லோமிக்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இப்படிப்பட்டதுதான். தயோசெமிகார்பசோன் என்ற மூலக்கூறு பிடித்திருக்கும் பல்லேடியம் சேர்மங்கள் டிஎன்ஏவோடு எப்படி ஒட்டுகின்றன, லேபில் வளர்த்த கேன்சர் செல்களை என்ன செய்கின்றன என்று அதில் பார்த்தார்கள்.

இது மருந்து இல்லை. மருந்துக்கான பாதையின் முதல் படி. கண்ணாடித் தட்டில் கேன்சர் செல்லைக் கொல்லும் பொருட்கள் ஏராளம். அடுத்து எலி, பிறகு மனிதர்களில் மூன்று கட்டச் சோதனை. பெரும்பாலான சேர்மங்கள் வழியிலேயே நின்றுவிடும்.

புது மருந்து வரும்வரை?

பழைய மருந்தையே சரியாகப் பயன்படுத்துவதும் உயிர்களைக் காக்கும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை, 3பி நிலை கருப்பைவாய்ப் புற்றுநோய் உள்ள 850 பெண்களிடம் ஒரு சோதனை நடத்தியது. பாதிப் பேருக்கு ரேடியேஷன் மட்டும், மீதிப் பேருக்கு அதோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின். 2018-ல் வெளியான முடிவு: ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் குழுவில் 46%, இரண்டாவது குழுவில் 54%. நூறு பெண்களில் எட்டுப் பேர் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள், நாற்பது வயதான ஒரு ஜெனரிக் மருந்தால்.

அதனால், "கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு" என்று அடுத்த வாட்ஸ்அப் ஃபார்வர்டு வரும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: சோதித்தது தட்டிலா, எலியிலா, மனிதரிலா? பதில் முதல் இரண்டில் ஒன்று என்றால் சந்தோஷப்படலாம், காத்திருக்கலாம். ஆனால் அதை நம்பி, வீட்டில் யாருக்காவது நடக்கும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. மருந்து ஏற்றிய பிறகு காதில் இரைச்சல், கை கால் மரத்துப்போவது, சிறுநீர் குறைவது என எது வந்தாலும் அடுத்த தேதி வரை தள்ளிப்போடாமல் உடனே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அளவைக் குறைக்கவும், மாற்று மருந்துக்குப் போகவும் அவர்களுக்கு வழி இருக்கிறது.