மகரந்தத்தின் நிறம் மட்டும் போதாது

இங்கிலாந்தில் செப்டம்பர் பிறந்ததும் தேனீக்கள் கால்களில் மஞ்சள் மகரந்த உருண்டைகளோடு கூடு திரும்புகின்றன. நிறத்தை வைத்தே பூவைச் சொல்லிவிடலாம் என்பது தேனீ வளர்ப்போரின் நம்பிக்கை; டோரதி ஹாட்ஜஸ் 1952இல் வெளியிட்ட வண்ண அட்டவணை அதற்குத் துணை. ஆனால் மஞ்சள் மகரந்தம் அப்போது பூக்கும் ஐவிக் கொடிக்கு மட்டும் உரியதல்ல, டான்டெலியன் பூவுக்கும் உண்டு. நுண்ணோக்கியில்தான் வேறுபாடு துலங்கும்: டான்டெலியன் மகரந்தத்தில் முட்கள், ஐவியில் வலைப்பின்னல்.

அக்கம்பக்கத்தில் பூத்திருப்பதைப் பார்த்தால் போதாதா? போதாது, தேனீ பல கிலோமீட்டர் பறக்கும், வேலிக்கு அப்பாலுள்ள தோட்டம் நம் கண்ணில் படாது. இங்கிலாந்தின் சசெக்ஸில் ஆராய்ந்தபோது இலையுதிர்கால உருண்டைகளில் சராசரியாக 89 சதவீதம் ஐவி மகரந்தமே. சுவரைக் கெடுக்கும் களையென்று ஐவியைப் பூக்குமுன் வெட்டுவோர், குளிர்காலத்தைத் தாண்டவேண்டிய தேனீக்களின் புரதத்தையே வெட்டுகிறார்கள்.