வீட்டு வரி ஏறலைன்னா யாருக்கு லாபம்?

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்தாலே "வரியை உயர்த்த மாட்டோம்" என்ற வாக்குறுதியும் கூடவே வந்துவிடும். கேட்பவருக்கும் சந்தோஷம், சொல்பவருக்கும் செலவில்லை. ஆனால் ஒரு வரியைப் பல வருஷம் தொடாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் கணக்கு போட்டுச் சொல்வதில்லை. தமிழ்நாடு இதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. அந்த அனுபவத்தை, எனக்குப் பழக்கமான திருவள்ளூர் - கும்மிடிப்பூண்டி பக்கத்தை வைத்து இந்தக் குறிப்பில் எழுதுகிறேன். கொஞ்சம் எண்கள் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்தது என்ன?

சென்னை மாநகராட்சியில் சொத்து வரிக்குப் பொதுச் சீராய்வு நடந்தது 1998-இல். மற்ற மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் 2008-இல். அதற்குப் பிறகு 2018 ஜூலையில்தான் உயர்வு அறிவித்தார்கள்: குடியிருப்புகளுக்கு 50 சதவீதம் வரை, மற்ற கட்டடங்களுக்கு 100 சதவீதம் வரை. எதிர்ப்பு கிளம்பியது. 2019 நவம்பரில் அந்த உயர்வை நிறுத்தி வைத்தார்கள். அதிகமாகக் கட்டியவர்களுக்கு வருங்கால வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். அதாவது உயர்வு வந்தது, போனது, பழைய வரியே மறுபடியும் நின்றது.

2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஏப்ரலில் 25 முதல் 150 சதவீதம் வரை உயர்வு அறிவிக்கப்பட்டது. கும்மிடிப்பூண்டி மாதிரி ஒரு பேரூராட்சியில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 601 முதல் 1200 வரை 50, 1201 முதல் 1800 வரை 75, அதற்கு மேல் 100. தொழிற்சாலைக்கு 75, வணிகக் கட்டடத்துக்கு 100. ஏன் திடீரென்று? 15-ஆவது நிதி ஆணையம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், வசூலும் மாநிலப் பொருளாதார வளர்ச்சியோடு சேர்ந்து வளர வேண்டும். இல்லையென்றால் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மத்திய மானியம் கிடையாது.

ஆக சென்னைக்கு 24 வருஷம், மற்ற ஊர்களுக்கு 14 வருஷம் வரி உறைந்து நின்றது. பிறகு ஒரே தாவலாக ஏறியது.

உறைந்த வரி உண்மையில் குறைந்த வரி

எக்செல்லில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2008-இல் ஒரு வீட்டுக்கு ஆண்டு வரி 1000 ரூபாய். 2022-லும் அதே 1000 ரூபாய்தான். ஆனால் அந்த 1000 ரூபாயால் 2008 விலையில் 442 ரூபாய்க்கான வேலையைத்தான் செய்ய முடியும். 24 வருஷம் என்றால் 247 ரூபாய். யாரும் வரியைக் குறைக்கும் தீர்மானம் போடவில்லை. ஆனால் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். அதே 1000 ரூபாய் வருஷம் 6 சதவீதம் ஏறியிருந்தால் 2022-இல் 2,261 ரூபாய் ஆகியிருக்கும். நடந்தது என்ன? 1200 சதுர அடி வீட்டுக்கு 50 சதவீதம் ஏறி 1,500 ரூபாய். "பாதிக்குப் பாதி ஏத்திட்டாங்க" என்று எல்லோரும் திட்டிய அந்த உயர்வுக்குப் பிறகும்கூட, பணத்தின் மதிப்பில் பார்த்தால் அது 2008 வரியைவிடக் குறைவு! இடைப்பட்ட 14 வருஷத்தில் அந்த ஒரு வீட்டிலிருந்து மட்டும் வராமல் போன தொகை சுமார் 7,000 ரூபாய். ஒரு தெருவில் நூறு வீடு இருந்தால் ஏழு லட்சம்.

செலவு மட்டும் உறையவில்லை. மின் கட்டணம், டீசல், பிளீச்சிங் பவுடர், மோட்டார் ரீவைண்டிங் கூலி, ஊழியர் சம்பளம் எல்லாம் ஏறிக்கொண்டேதான் இருந்தன. வருமானம் நிற்கிறது, செலவு ஏறுகிறது என்றால் உள்ளாட்சி எதை வெட்டும்? சம்பளத்தை உடனே வெட்ட முடியாது. மின் கட்டணம் கட்டாவிட்டால் பாக்கி ஏறும். அதனால் முதலில் வெட்டுப்படுவது பராமரிப்பு. வால்வு கசிந்தால் துணி சுற்றி விடுவார்கள். தெருவிளக்கு போனால் "ஸ்டாக் இல்ல" என்பார்கள். ஓய்வு பெறும் தூய்மைப் பணியாளர் இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி வருவார், அல்லது யாருமே வர மாட்டார். எங்கள் துறையில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பராமரிப்பைத் தள்ளிப்போடுவதால் அந்த மாதம் எதுவும் உடையாது. உடையும்போது செலவு பல மடங்கு.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம், நூலக வரி. 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரி, வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்காகச் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் எல்லாவற்றுக்கும் இது முக்கியமான வருமானம். சொத்து வரி உறைந்தால் இதுவும் கூடவே உறையும். புத்தகத்தின் விலை உறையாது.

தொழிற்பேட்டை இருந்தால் பணம் கொட்டுமே?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. இத்தனை கம்பெனி இருக்கிறது, புதுகும்மிடிப்பூண்டி, பாப்பன்குப்பம், சித்தராஜகண்டிகை ஊராட்சிகளுக்கு என்ன குறை?

பணம் எங்கே போகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கம்பெனி கட்டும் ஜிஎஸ்டி மத்திய, மாநில அரசுகளுக்கு. வருமான வரி டில்லிக்கு. நிலக் குத்தகையும் வளாகப் பராமரிப்புக் கட்டணமும் சிப்காட்டுக்கு. ஊராட்சிக்கு நேராக வருவது முக்கியமாக மூன்று: கட்டடத்துக்கான வரி, கட்டட அனுமதிக் கட்டணம், தொழில் வரி. உற்பத்தி இரட்டிப்பானாலும் கட்டடம் அதே கட்டடம்தான், வரியும் அதேதான்.

தொழில் வரியின் கதை இன்னும் மோசம். இதை உறைய வைத்திருப்பது அரசியல் சாசனமே. 276-ஆவது பிரிவின்படி ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது. இந்த உச்சவரம்பு 1988-இல் 60-ஆவது திருத்தம் மூலம் வந்தது. அதற்கு முன் 250 ரூபாய். 1988-இன் 2,500 ரூபாயை அதே 6 சதவீதக் கணக்கில் 2025-க்குக் கொண்டுவந்தால் சுமார் 21,600 ரூபாய். 15-ஆவது நிதி ஆணையம் உச்சவரம்பை 18,000 ஆக்கலாம் என்று பரிந்துரைத்தது. இன்றும் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் மேனேஜருக்கும் அதே 2,500தான்.

சரி, மாநில அரசு தருகிறதே? தருகிறது. மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. மத்திய நிதி ஆணைய மானியமும் உண்டு. ஆனால் இவற்றைப் பிரிப்பதில் மக்கள்தொகைக்குப் பெரிய பங்கு. கடைசியாகக் கணக்கெடுத்தது 2011-இல். அதற்குப் பிறகு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து இங்கே லைன் வீடுகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அவர்கள் குடிக்கும் தண்ணீர், போடும் குப்பை, நடக்கும் தெரு எல்லாம் ஊராட்சியின் பொறுப்பு. 1994 ஊராட்சிகள் சட்டம் குடிநீர், தெருவிளக்கு, வடிகால், துப்புரவு எல்லாவற்றையும் ஊராட்சியின் கடமையாகத்தான் வைத்திருக்கிறது.

இங்கேதான் வீட்டு வரி முக்கியமாகிறது. போன வருஷம் ஒரு தோப்பில் இருபது அறை லைன் வீடு எழும்பியது என்றால், அதைக் கண்டுகொள்ளக்கூடிய வருமானம் உள்ளாட்சியிடம் இது ஒன்றுதான். மானிய சூத்திரத்துக்கு அது தெரியாது. பில் கலெக்டருக்கும் ஊராட்சிச் செயலருக்கும் தெரியும்.

இரண்டு வகை உறைதல்

அதனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, விகிதம் உறைவது. இது அரசின் முடிவு. இரண்டாவது, பதிவேடு உறைவது. ஓட்டு வீடாகப் பதிவானது மூன்று மாடி ஆகியிருக்கும், பதிவேட்டில் இன்னும் ஓட்டு வீடு. குடியிருப்பு என்று இருக்கும், கீழே நாலு கடை ஓடும். குடோன் நீண்டிருக்கும், அளவு பழையது. இதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை, சும்மா இருந்தாலே போதும். 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையில் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பெங்களூரையும் ஜெய்ப்பூரையும் ஆராய்ந்தார்கள். வரக்கூடிய சொத்து வரியில் 5 முதல் 20 சதவீதத்துக்கு மேல் வசூலாகவில்லை என்று தெரிந்தது. பெருநகரத்திலேயே இந்த நிலை.

வெளிநாட்டிலும் இந்தக் கதை உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1978-இல் 13-ஆவது முன்மொழிவு என்று ஒன்றுக்கு மக்கள் வாக்களித்தார்கள். சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, சொத்து கைமாறும் வரை மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. உள்ளூர் சொத்து வரி வருமானம் பாதிக்கு மேல் விழுந்தது. பள்ளிகளுக்கான பணம் மாநில அரசின் கைக்குப் போனது, உள்ளூர் முடிவெடுக்கும் அதிகாரமும் கூடவே போனது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரே அளவு வீட்டுக்குப் பல மடங்கு வித்தியாசமான வரி. இங்கிலாந்தில் கவுன்சில் வரிக்கு இன்றும் 1991 ஏப்ரல் மாத வீட்டு மதிப்புதான் அடிப்படை. ஒரு தடவை உறைய விட்டால் உருக வைப்பது கஷ்டம், அரசியல்வாதி எவரும் கை வைக்கப் பயப்படுவார்.

எதிர்த்தரப்பு நியாயம்

"கட்டுறோம், ரோடு வரலையே" என்று கேட்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். நியாயமான கேள்வி. ரிட்டயர் ஆகி, பென்ஷன் இல்லாமல் சொந்த வீட்டில் இருக்கும் பெரியவருக்கு வீட்டு மதிப்பு ஏறியதால் கையில் காசு வந்துவிடாது. இதுவும் உண்மை. ஆனால் இதற்கு மருந்து, சின்ன வீட்டுக்குக் குறைந்த விகிதம், முதியோருக்குச் சலுகை. எல்லோருக்கும் உறைய வைத்தால் அதிக லாபம் பெரிய வீட்டுக்காரருக்கும் பெரிய குடோனுக்கும்தான்.

அதோடு, சேவை மோசமானால் எல்லோரும் ஒரே மாதிரி கஷ்டப்படுவதில்லை. வசதி உள்ளவர் போர் போடுவார், ஆர்ஓ மாட்டுவார், லாரித் தண்ணீர் வாங்குவார். லைன் வீட்டில் இருப்பவர் கேன் தண்ணீர் வாங்குவார், அல்லது வருகிற தண்ணீரைக் குடிப்பார். ஒரு கேன் 30 ரூபாய், வாரம் இரண்டு கேன் என்றால் வருஷத்துக்கு 3,000 ரூபாய்க்கு மேல். நம் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறாத வரியை நாம் வேறு பெயரில், வேறு ஒருவருக்குக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

நகர்ப்புறங்களில் இப்போது ஆண்டுதோறும் 6 சதவீதம், அல்லது மாநில உற்பத்தி வளர்ச்சியின் 5 ஆண்டு சராசரி, எது அதிகமோ அந்த அளவு ஏற்றும் முறை வந்திருக்கிறது. 2024-இல் 6 சதவீதம் ஏறியபோதும் எதிர்ப்பு வந்தது. என் கருத்தில், 14 வருஷத்துக்கு ஒரு தடவை தாவுவதைவிட இது எவ்வளவோ மேல். 1,000 ரூபாய் கட்டுபவருக்கு வருஷம் 60 ரூபாய். ஆனால் ஏற்றும் கை கணக்கையும் காட்ட வேண்டும்.

அதைக் கேட்பதற்கு வழி இருக்கிறது. உள்ளாட்சி அலுவலகத்தில் டிசிபி என்று ஒரு பதிவு உண்டு: டிமாண்ட், கலெக்‌ஷன், பேலன்ஸ். கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு, நிலுவை எவ்வளவு. திருவள்ளூர் மாவட்ட ஊராட்சிகளில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. கேள்வி கேட்க ஒரு தலைவர் இல்லாத நேரத்தில் கிராம சபை இன்னும் முக்கியம். அடுத்த கிராம சபைக்குப் போனால் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். டிசிபி கணக்கு என்ன? பதிவேட்டில் கட்டடங்களைக் கடைசியாக எப்போது அளந்தார்கள்? நிலுவையில் முதல் பத்து இடத்தில் இருப்பது வீடுகளா, கம்பெனிகளா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் வருவதற்குள் கூட்டம் கொஞ்சம் அமைதியாகும். பரவாயில்லை, காத்திருந்து வாங்கிக்கொண்டு வாருங்கள். உங்கள் ஊர்க் கணக்கு கிடைத்தால் மேலே சொன்ன 6 சதவீதக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு பழைய ரசீதும் ஒரு கால்குலேட்டரும் போதும்.