வள்ளத்தின் தளப்பலகை உக்காமல் காப்போம்

மாரி முடிந்து வள்ளத்தை மீண்டும் நீரில் இறக்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது, கால் வைத்த இடத்தில் தளப்பலகை அமுங்குகிறது என்று. மேலே பூசிய மை நன்றாகவே இருக்கும். உள்ளே பலகை உக்கிப்போயிருக்கும். வலை இழுக்கும் வேளையில் தளம் உடைந்தால் தொழிலுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து.

நீர் புகும் வழி

ஒட்டுப்பலகை என்பது மெல்லிய மரத்தாள்களை ஒன்றன் இழைக்கு மற்றது குறுக்காக அடுக்கி ஒட்டியதாகும். அதன் முகப்புறத்தால் நீர் மெதுவாகவே ஊறும். வெட்டிய ஓரங்களிலும் ஆணித் துளைகளிலும் இழைகளின் முனைகள் திறந்திருப்பதால் அங்கே நீர் விரைவாக உறிஞ்சப்படுகிறது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருக்கும்வரை உக்கச் செய்யும் பூஞ்சணம் வளராது.

கடல்நீரே எதிரி என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் உப்பு பூஞ்சணத்தை ஓரளவு தடுக்கும். கரையில் கிடக்கும் வள்ளத்தினுள் தேங்கும் மழைநீரே கூடுதலான கேடு செய்கிறது.

பலகையைத் தெரிவு செய்தல்

பி.எஸ். 1088 தரத்திலான மரைன் பிளைவூட் சிறந்தது. முத்திரையை மட்டும் நம்பாமல், சிறு துண்டொன்றைச் சில மணி நேரம் கொதிநீரில் அவித்துப் பாருங்கள். தாள்கள் பிரிந்தால் அது வள்ளத்துக்கு உதவாது. பிரியாவிட்டாலும் பசை மட்டுமே நீருக்குத் தாக்குப்பிடிக்கும். காப்பில்லாத மரம் உக்கவே செய்யும்.

பூசும் முறை

1. வெட்டுதல், துளைத்தல் யாவற்றையும் முதலில் முடித்துப் பலகையை நன்கு உலர விடுங்கள்.

2. மரத்தில் பொலியெஸ்டர் ரெசினைவிட எபொக்சி உறுதியாகப் பிடிக்கும். தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே கலக்கவும். விரைவில் இறுகட்டும் என்று வன்மையாக்கியைக் கூட்டினால் பூச்சு பழுதாகும்.

3. நிழலில், வெயில் தணியும் மாலையில் பூசுங்கள். சூடேறும் மரத்திலிருந்து காற்று வெளியேறிப் பூச்சில் குமிழிகள் உண்டாகும்.

4. இரு முகங்களுக்கும் மூன்று தடவை பூசவும். அடிப்புறத்தை விட்டுவிடாதீர்கள். ஓரங்களுக்கு அவை மேலும் உறிஞ்சாத வரை பூசவும்.

5. திருகாணித் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, தடிப்பாக்கிய எபொக்சியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே மீண்டும் துளையுங்கள். அப்போது ஆணி மரத்தைத் தொடாது.

6. வெயில் எபொக்சியைக் கெடுக்கும். ஆகவே, இறுகிய பூச்சை நீரால் கழுவி, அரத்தாளால் தேய்த்து, மேலே மை பூசவும்.

கையுறை அணிந்தே வேலை செய்யுங்கள். எபொக்சி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடிக்கொள்ளுங்கள்.

பழைய தளமாயின்

சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மந்தமான ஒலி வரும் இடத்தைக் கத்தி முனையால் குத்துங்கள். இலகுவாக இறங்கினால் உக்கிய பகுதியையும் அதைச் சுற்றிச் சிறிது நல்ல மரத்தையும் வெட்டி நீக்கி, புதுத் துண்டு வையுங்கள். ஈரமான பலகையின் மேல் மை பூசுவது நீரை உள்ளே அடைத்து வைப்பதற்கே சமம்.

கரையேற்றும்போது அணியத்தை உயர்த்தி, நீர் வடியும் துளையின் அடைப்பைக் கழற்றி வையுங்கள். மேலே கிடுகோ படங்கோ போட்டாலும் காற்றுப் போக வழி விடுங்கள். செலவில்லாத இந்தப் பழக்கம் இல்லையேல், விலை கொடுத்து வாங்கிய பூச்சும் நெடுநாள் நிற்காது.