குற்றமனம் – 6: உயிர் இருந்தது அவனுக்குத் தெரியாது

ஏர்க்கொழுவால் மனைவியின் தலையில் ஓர் அடி. அவள் நினைவிழந்து விழுந்தாள். செத்துவிட்டாள் என்று கணவன் நினைத்தான். பழி தன்மேல் விழாமல் இருக்க, கயிற்றை எடுத்து உத்தரத்தில் அவளைத் தொங்கவிட்டான். தானே தூக்குப் போட்டுக்கொண்டாள் என்று ஊருக்குச் சொன்னான். ஆனால் அவள் அந்த அடியால் சாகவில்லை. கயிறு கழுத்தை இறுக்கியபோதுதான் மூச்சு நின்றிருக்கிறது.

பழனிக் கவுண்டன் வழக்கு என்று சட்ட மாணவர்கள் அறிந்த வழக்கு இது. கோயம்புத்தூர் செஷன்ஸ் நீதிபதி இதைக் கொலை என்றே தீர்மானித்தார். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் நடந்ததை வேறு மாதிரி கண்டது. அந்த அடி உயிரைப் போக்கக்கூடிய அடி என்று நிரூபிக்கப்படவில்லை. தொங்கவிட்டபோது அவள் இறந்துவிட்டதாகவே அவன் நம்பினான். அப்படியானால் இது கொலையா? கேள்வி முழு ஆயத்துக்குப் போனது. 1919இல் தலைமை நீதிபதி சர் ஜான் வாலிஸ் தலைமையிலான ஆயம் பதில் சொன்னது: கொலை அல்ல, கொலையாகாத மரணம் விளைவித்தலும் அல்ல. அடித்ததற்காகவும், பொய்ச் சாட்சியம் உருவாக்க முயன்றதற்காகவும் வேண்டுமானால் தண்டிக்கலாம். கடைசியில் வழக்கு கொடுங்காயம் விளைவித்த குற்றமாக முடிந்தது.

இரண்டு கைகளால் ஒருத்தியின் கழுத்தில் கயிறு மாட்டி அவள் உயிரை எடுத்தவன் கொலைகாரன் இல்லையா என்று கோபம் வருவது இயல்பு. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் நீதிபதிகளின் தர்க்கத்தைப் பொறுமையாகப் பின்தொடர வேண்டும். குற்றச்செயலும் குற்றமனமும் ஒரே வேளையில் கூட வேண்டும் என்று சென்ற வாரம் பார்த்தோம். அன்றைய தண்டனைச் சட்டத்தின் 299ஆம் பிரிவு மூன்று மனநிலைகளைச் சொல்கிறது: சாகடிக்கும் எண்ணம், சாவு நேரக்கூடிய காயத்தை உண்டாக்கும் எண்ணம், சாவு நேரக்கூடும் என்ற அறிவு. மூன்றுமே உயிருள்ள ஒருவரை நோக்கியவை. பிணம் என்று நம்பித் தூக்குகிறவன் மனத்தில் மூன்றில் எதுவும் இருக்க முடியாது. அடித்தபோது சாகடிக்கும் எண்ணம் இல்லை. சாகடித்தபோது அங்கே ஓர் உயிர் இருப்பதாகவே அவன் எண்ணவில்லை.

அடித்தபோதே கொல்லும் எண்ணம் இருந்திருந்தால்? அப்போது கதை மாறுகிறது. அடுத்த சில பத்தாண்டுகளில் சென்னை உயர் நீதிமன்றமே இதைத் தெளிவாக்கியது. காளியப்பக் கவுண்டன் வழக்கில், கொல்லத் திட்டமிட்டுத் தாக்கிய பெண்ணைத் தண்டவாளத்தில் கிடத்தினார்கள். 1943இல் தவமணி வழக்கில், தாக்கிய பெண்ணைக் கிணற்றில் போட்டார்கள். இரண்டிலும் முதல் அடியிலேயே கொலை எண்ணம் இருந்ததால், முதலும் முடிவும் ஒரே செயலின் பகுதிகளாகக் கொள்ளப்பட்டு, கொலைக் குற்றம் நின்றது. இன்று லெசோத்தோ எனப்படும் அன்றைய பசுட்டோலாந்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன தாபோ மேலி வழக்கிலும் 1954இல் இதே முடிவுதான். ஒருவரைக் குடிசைக்கு அழைத்துப் பீர் கொடுத்து, தலையில் அடித்து, இறந்துவிட்டார் என்று எண்ணிச் சிறு குன்றின் விளிம்பிலிருந்து உருட்டிவிட்டார்கள். அவர் அடியால் சாகவில்லை. வெட்டவெளியில் கிடந்து இறந்தார். திட்டம் ஒன்று, அதன்படி நடந்தவையும் ஒன்று, இடையில் வந்த தவறான நம்பிக்கை அவர்களைக் காப்பாற்றாது என்றார் ரீட் பிரபு.

ஆக எல்லாமே முதல் அடியில் போய் நிற்கிறது. 1919 தீர்ப்பில் எல்லாரும் கடந்துபோகிற சொல் ஒன்று உண்டு: 'நிரூபிக்கப்படவில்லை'. அந்த அடி சாதாரணமானது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. உயிரைப் பறிக்கக்கூடியது என்று அரசுத் தரப்பு காட்டவில்லை என்றுதான் சொன்னது. எண்ணம் என்பதை யாரும் நெஞ்சைப் பிளந்து காட்ட முடியாது. எந்த ஆயுதம், உடலில் எந்த இடம், எவ்வளவு வேகம், எத்தனை முறை, அதற்கு முன் என்ன பேசினான், பின் என்ன செய்தான் – இவற்றிலிருந்துதான் நீதிமன்றம் எண்ணத்தைப் படிக்கிறது. 1958இல் விர்சா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி விவியன் போஸ் இந்த வாசிப்புக்கு ஒழுங்கு செய்து கொடுத்தார். வயிற்றில் ஒரே ஓர் ஈட்டிக் குத்து. கொல்லும் எண்ணம் தனியே நிரூபணமாக வேண்டியதில்லை. அந்தக் காயத்தை உண்டாக்கும் எண்ணம் இருந்ததா, அந்தக் காயம் இயல்பான போக்கில் சாவை விளைவிக்கப் போதுமானதா என்று பார்த்தால் போதும் என்றார்.

மனைவியை அடித்துவிட்டுத் தூக்கில் மாட்டிய வழக்குகள் இன்றும் வருகின்றன. அவற்றில் அரசு வழக்கறிஞர் கவனிக்க வேண்டிய இடம் இது. பிரேதப் பரிசோதனையில் மருத்துவர் வாயோரம் வழிந்த எச்சில் தடத்தைப் பார்க்கிறார், கயிற்றின் அடையாளத்தைப் பார்க்கிறார், தொங்கியபோது உயிர் இருந்தது என்று எழுதுகிறார். தலையில் காயமும் இருக்கிறது. தற்கொலை நாடகம் உடைந்துவிட்டது என்று அரசுத் தரப்பு அங்கேயே நின்றுவிட்டால் ஆபத்து. ஏனென்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த அறிக்கையையே கையில் எடுத்துக்கொண்டு 1919 தீர்ப்பைப் படிப்பார். தலைக்காயத்தின் ஆழம், மண்டையோட்டில் விரிசல் விழுந்ததா, கைப்பற்றிய ஆயுதம் அதற்குப் பொருந்துமா என்று மருத்துவரைச் சாட்சிக் கூண்டிலேயே கேட்டுப் பதிவு செய்யாவிட்டால், பிறகு அந்த ஓட்டையை அடைக்க வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. 'செத்துவிட்டாள் என்று நினைத்தேன்' என்று இப்படிப்பட்ட கணவர்கள் சொல்வதில்லை. அவர்கள் சொல்வது, அவளே தூக்குப் போட்டுக்கொண்டாள் என்பதுதான். 1919இலும் வாதம் அதுவே. அவன் சொல்லாத ஒரு நம்பிக்கையை, சூழ்நிலையிலிருந்து நீதிமன்றமே அவனுக்கு வழங்கியது. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது நியாயமான சந்தேகமாக இருக்க வேண்டும். வீட்டின் நான்கு சுவருக்குள் நடந்ததை அங்கிருந்தவரே விளக்க வேண்டும் என்று 2006இல் திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விளக்கமே தராமல் பொய் சொன்னவனுக்கு, அவனுக்குச் சாதகமான மனநிலையை நாமே கட்டித் தர வேண்டுமா என்று கேட்க இன்றைய அரசு வழக்கறிஞருக்கு உரிமை இருக்கிறது.

அவன் உண்மையிலேயே அப்படி நம்பினான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தானா? நாடி பிடித்தானா? அக்கம்பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டானா? தன் கையால் விழுந்தவள் செத்துவிட்டாள் என்று முடிவு கட்டும் அவசரம் அவனுக்கு வசதியாக இருந்தது. இங்கிலாந்தில் சர்ச் என்பவரின் வழக்கில் நடந்ததும் இதுதான். அடித்து மயங்கவைத்த பெண்ணைப் பிணம் என்று எண்ணி ஊஸ் ஆற்றில் போட்டார். அவள் நீரில் மூழ்கி இறந்தாள். அவரைக் கொலைகாரர் என்று சொல்லவில்லை, ஆனால் மரணத்துக்குப் பொறுப்பில்லை என்றும் விட்டுவிடவில்லை. அதற்கடுத்த நிலைக் குற்றத்தில் அவர் பெற்ற தண்டனையை அந்த நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் 1965இல் உறுதி செய்தது.

நம் சட்டத்திலும் அதற்கு இடம் இருந்தது. அசட்டையான செயலால் மரணம் விளைவித்தலைத் தண்டிக்கும் 304ஏ பிரிவு 1870இலேயே சேர்க்கப்பட்டது. பிணம் என்று எண்ணி ஓர் உடலைத் தொங்கவிடுவது உயிருள்ளவர்மேல் வேண்டுமென்று செய்த தாக்குதல் ஆகாது என்றால், உயிர் இருக்கிறதா என்று பார்க்காமல் தொங்கவிட்டது அசட்டையின் உச்சம் அல்லவா? அந்தப் பிரிவின் உச்சத் தண்டனை இரண்டே ஆண்டுகள் என்பது உண்மை. ஆனால் அவளுடைய சாவுக்கு ஒருவன் பொறுப்பு என்று தீர்ப்பில் எழுதப்பட்டிருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 106ஆம் பிரிவு. தண்டனை ஐந்தாண்டு வரை. இப்படியொரு வழக்கில் கொலைக் குற்றச்சாட்டோடு இதையும் மாற்றுக் குற்றச்சாட்டாக வனைந்து கேட்க அரசுத் தரப்புக்கு எந்தத் தடையும் இல்லை.

அடுத்த வாரம்: 1912ஆம் ஆண்டு, இன்சூரன்ஸ் பணத்துக்காக ஒருவருக்குக் கொடுத்த விஷ அல்வாவை, யாரும் கொடுக்காமலே எடுத்துத் தின்ற ஒரு சிறுமி.

(தொடரும்)