பூமி காய்ச்சும் வெந்நீர்

அமெரிக்காவில் ஆர்க்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரத்தின் பிரதான வீதியில், 1892-ஆம் ஆண்டில் ஸ்நானசாலையாகக் கட்டப்பெற்று, 2019-இல் தங்கும் விடுதியாக மாறிய ஹேல் என்னும் மாளிகையில், அறைதோறும் உள்ள தொட்டிகளில் ஊற்றின் வெந்நீரே வந்து விழுகிறது. அந்நீரைக் காய்ச்சும் சிரமம் அங்கு யாருக்கும் இல்லை. ஏறக்குறைய 62 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தோடு வெளிப்படும் ஜலத்தை மனித தேகம் தாங்குமளவுக்கு ஆற்றித் தருவதே வேலையாக இருக்கிறது.

வெந்நீர் ஊற்று என்றதும் எரிமலையை நினைப்பது சகஜம்; இங்கோ அத்தகைய அக்கினியின் சம்பந்தமே கிடையாது. சராசரியாக 4,400 ஆண்டுகளுக்கு முன்பு சுற்றுப்புறத்துக் குன்றுகளில் பெய்த மழை, விரிசல் மலிந்த பாறை அடுக்குகளின் வழியே கசிந்து, சுமார் 2 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி, இறங்க இறங்க மிகுகின்ற பூமியின் இயற்கையான வெப்பத்தை ஏற்று, பின்பு பாறைப் பிளவொன்று வழிவிட்டதும், தன்னைத் தொடர்ந்து வரும் நீரின் அழுத்தத்தால் உந்தப்பட்டு, மலையடிவாரத்தில் ஊற்றாக எழுகிறது. இறக்கம் மிக நிதானமானது என்பதால் நீர் நன்றாகச் சூடேறுகிறது. ஏற்றம் அதைவிட விரைவானது என்பதால் அந்தச் சூடு வழியிலே வீணாவதில்லை. பாறைகளிலிருந்து சிலிகாவும் சுண்ணாம்புச் சத்தும் கரைந்து வந்தாலும், கந்தகத்தின் துர்நாற்றம் இல்லாமையால், பொதுக் குழாய்களில் ஜனங்கள் இதைக் குடங்குடமாகப் பிடித்துச் சென்று பருகுகிறார்கள்.

வாத நோயாளிகள் வைத்தியரின் சீட்டோடு வந்து குவிந்த காலம் ஒன்று இருந்தது. 1915-இல் ஆடம்பரமாகத் திறக்கப்பட்ட ஃபோர்டைஸ் ஸ்நானசாலை, நவீன மருந்துகள் பெருகிய பின்னர், 1962-இல் மூடப்பட்டு இப்போது காட்சிசாலையாக விளங்குகிறது. நோய் தீர்க்கும் நம்பிக்கை தளர்ந்தபோதிலும், வெந்நீரில் அமிழ்ந்து இளைப்பாறும் இன்பத்துக்கு மதிப்புக் குறையவில்லை.

1832-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் இவ்வூற்றுகளைத் தனியார் கைக்குப் போகாதபடி ஒதுக்கி வைத்தது. 1921-இல் இப்பிரதேசம் தேசியப் பூங்காவாயிற்று. பெரும்பாலான ஊற்றுகளை மாசு அணுகாமல் மூடி, நீரைப் பொதுவான தொட்டிகளில் சேர்த்து, குழாய்கள் மூலம் ஸ்நானசாலைகளுக்கு வழங்குவதும் பூங்கா நிர்வாகமே. ஹேல் கட்டடமும் அரசாங்கத்தின் சொத்து. விடுதி நடத்துபவர் குத்தகைதாரர். பல்லாயிரம் ஆண்டு உழைப்பால் பூமி ஈட்டிய பொருளுக்கு ஒரு தலைமுறையினர் உரிமை கொண்டாடாமல் வாடகை செலுத்துவதே முறை என்று அன்றைய சட்டம் நமக்கு உணர்த்துகிறது.