சேற்றில் இறங்கும் காலில் சின்னக் கீறலா? அலட்சியம் வேண்டாம்!

பிசான நடவு தொடங்கிவிட்டால் தாமிரபரணிப் பாசனத்தில் கால் காய்வதே இல்லை. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று எந்தப் பக்கம் போனாலும் நாற்றங்கால், சேற்றுழவு, வரப்பு வெட்டு, வாழைக்கு மண் அணைப்பு என்று வேலை நடக்கும். நெல் தோகை கிழிக்கும், மண்வெட்டி நுனி உரசும், கிளிஞ்சல் குத்தும். பத்தமடைப் பக்கம் கோரை அறுப்பவர்களுக்குக் கையெல்லாம் கீறல். "இதெல்லாம் ஒரு காயமா?" என்று வேலையைத் தொடர்வதுதான் நம் வழக்கம்.

பெரும்பாலும் அது தானே ஆறிவிடும். ஆனால் எல்லார் தோலும் ஒன்றல்ல.

யாருக்குக் கூடுதல் கவனம்?

மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறிய தோல் வெளுத்து, மெத்தென்று ஆகிவிடும். லேசாக உரசினாலே உரியும். விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருவதும் இதனால்தான். வயதானவர்களின் தோல் காகிதம் போல மெலிந்திருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதே தெரியாது. காயமும் மெதுவாகத்தான் ஆறும். கரப்பான் உள்ளவர்கள், கைக்குழந்தைகள் தோலும் எளிதில் புண்ணாகும்.

முதல் பத்து நிமிடம்

முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று இடையிடையே எடுத்துப் பார்த்தால் மறுபடி கசியும்.

அடுத்து, குடிக்கிற தண்ணீரால் காயத்தை நன்றாகக் கழுவுங்கள். வாய்க்கால் தண்ணீர் வேண்டாம். காயத்தைச் சுற்றியுள்ள தோலுக்கு மட்டும் சோப்பு போதும். மண், தூசி ஒட்டியிருந்தால் தண்ணீரை ஊற்றியே வெளியேற்றுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு ஒற்றித் துடைத்து, வாசலின் மெல்லியதாகத் தடவி, சுத்தமான காஸ் துணி வைத்துக் கட்டுங்கள். நனைந்தாலோ அழுக்கானாலோ உடனே மாற்றுங்கள். இல்லையென்றால் தினம் ஒருமுறை போதும்.

காயத்தைக் காற்றாட விட்டால்தான் ஆறும் என்பது பழைய எண்ணம். 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சோதித்துப் பார்த்தார். மூடி, ஈரப்பதம் காத்த காயத்தில், பொருக்குத் தட்ட விட்ட காயத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகப் புதுத்தோல் படர்ந்தது.

மெலிந்த தோலில் பிளாஸ்திரி ஒட்டினால் எடுக்கும்போது தோலும் சேர்ந்து உரியும். அவர்களுக்குக் காஸ் வைத்து, கட்டுத்துணியை இறுக்காமல் சுற்றுவதே நல்லது.

காபித்தூள், சுண்ணாம்பு வேண்டாம்

காபித்தூள், சாம்பல், சாணம், மண்ணெண்ணெய் எதுவும் காயத்தில் படக்கூடாது. சுண்ணாம்பு தோலைப் பொசுக்கும். ரண ஜன்னிக் கிருமியின் விதைகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றன. சாணத்தைப் பூசுவது நாமே அந்தக் கிருமியை உள்ளே வைப்பதற்குச் சமம். டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினாலும் தோல் எரிந்து புண் பெரிதாகும்.

ஊசி போட்ட தேதி நினைவிருக்கிறதா?

நம் நாட்டில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் 1978-ல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த பெண்களில் பலருக்குக் கர்ப்ப காலத்திலாவது ரண ஜன்னி ஊசி கிடைத்தது. ஆண்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஆகவே வீட்டில் 50 வயதைத் தாண்டிய ஆண்கள் தவணைகளை முழுதாகப் போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த ஊசி இலவசம். போட்ட தேதியை வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

ஒவ்வொரு கீறலுக்கும் ஊசி போட வேண்டுமா?
வேண்டாம். அடிப்படைத் தவணைகள் முடிந்திருந்தால், சுத்தமான சிறு காயத்துக்குக் கடைசி ஊசியிலிருந்து 10 ஆண்டு வரை தேவையில்லை. மண், சாணம் பட்ட காயமோ ஆழமான குத்துக்காயமோ என்றால் 5 ஆண்டு கணக்கு. தேதி தெரியாவிட்டால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

களிம்பு தடவியதும் அரிப்பு வருகிறதே?
மருந்துக்கடையில் கிடைக்கும் சில களிம்புகளில் நியோமைசின் என்ற மருந்து உண்டு. அது சிலருக்கு ஒவ்வாது. சிவந்து அரித்தால் நிறுத்திவிட்டு வாசலின் மட்டும் போடுங்கள். அரிப்பு அடங்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

காயத்தோடு வயலில் இறங்கலாமா?
மூடும்வரை தவிர்ப்பதே நல்லது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி கீறல் வழியே உடம்புக்குள் போகும். இறங்கியே ஆக வேண்டுமென்றால் கட்டின் மேல் ரப்பர் பூட்ஸ் போடுங்கள். கரையேறியதும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் கட்டை மாற்றுங்கள். கையில் காயம் இருந்தால் பூச்சிமருந்து அடிக்கும் வேலையை வேறொருவருக்கு விடுங்கள். கிழிந்த தோல் வழியே மருந்து சீக்கிரம் உள்ளே இறங்கும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு?

- அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால், வாய் பிளந்த காயமாக இருந்தால்
- சுற்றிச் சிவந்து பரவினால், சீழ் வைத்தால், தொடை இடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டினால்
- சர்க்கரை நோயாளியின் காலில் எந்தக் காயமானாலும்
- வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது
- வயலில் இறங்கிய சில நாளில் இருந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால்

கடைசியாகச் சொன்ன காய்ச்சலுக்குப் போகும்போது, "சேற்றில் வேலை செய்தேன், காலில் காயம் இருந்தது" என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அவருக்கு எலிக்காய்ச்சல் நினைவு வரும். மருந்தும் காலத்தோடு கிடைக்கும்.